மீன்சுருட்டி வரை வராத மகாராஜாக்கள்

மீன்சுருட்டிக்காரர்களிடம் பேரரசு, மாமன்னர் என்றெல்லாம் யாராவது பேச்செடுத்தால் அவர்கள் அசர மாட்டார்கள். சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பேருந்து அணைக்கரையைத் தொடுவதற்கு முன்னால் கடக்கிற ஊர் இது. பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படையும் கடாரம் வரை கப்பலும் அனுப்பிய ராஜேந்திர சோழன், ஏறக்குறைய 1025-இல் அங்கே தலைநகரம் கட்டினான். இரண்டரை நூற்றாண்டு கொடி பறந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? 1836 வாக்கில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட வெள்ளைக்காரர்களுக்குக் கல் தேவைப்பட்டது. கோயில் மதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தடுக்கப் போன ஊர்க்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குறுதியும் கிடைத்தது. மதில் மட்டும் வரவில்லை.

ஆக, உலகத்தை ஆண்டவன் கட்டிய மதிலும் ஒருநாள் அணைக்கட்டுக்கு அடியில் போகும் என்பது இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இது தெரியாமல் ஐம்பது வருஷமாக அடித்துக்கொண்டவர்கள், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீடியோ கேம் பெட்டி விற்றவர்கள். அவர்களுடைய ராஜ வம்ச சரித்திரம் இது. பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

வருகைப் பதிவேட்டில் மாட்டிய மன்னன்

1972-இல் மேக்னவாக்ஸ் கம்பெனி ‘ஒடிஸி’ என்று ஒரு பெட்டியை இறக்கியது. ராணுவத்துக்குக் கருவி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த ரால்ஃப் பேர் என்பவரின் மூளையில் உதித்தது. பெட்டியிலிருந்து சத்தம் வராது. அது மார்க் கணக்கும் வைக்காது. நீங்களே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். திரையில் சில வெள்ளைப் புள்ளிகள் நகரும். பின்னணியில் கலர் வேண்டுமா? பிளாஸ்டிக் தாளை டிவி கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ளலாம். கூடவே தாயக்கட்டையும் சீட்டும் கொடுத்தார்கள். பிற்பாடு லட்சம் கோடிக் கணக்கில் புரளப் போகிற ஒரு தொழில், தாயக்கட்டையை நம்பித்தான் கடை திறந்தது.

அதே வருஷம் மே மாதம் ஒடிஸியை ஊர் ஊராகக் காட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நோலன் புஷ்னெல் என்று ஒருவர். சில மாதங்களில் அவருடைய அடாரி கம்பெனி ‘பாங்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஒரு மட்டை, இன்னொரு மட்டை, நடுவில் பந்து. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று மேக்னவாக்ஸ் வழக்குப் போட்டது. புஷ்னெல் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்காட்சியில் வருகைப் பதிவேடு ஒன்று இருந்தது. அதில் மனுஷன் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். 1976-இல் காசு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். வம்சத்தின் முதல் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்தது இப்படி.

1977-இல் அடாரி 2600 வந்தது. கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும். அமெரிக்காவே அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தது. காசு கொட்டக் கொட்ட அடாரிக்குத் தலை கனத்தது. ஆட்டத்தை எழுதியவனின் பெயரைப் போட மாட்டோம் என்றார்கள். நாலு பேர் கோபித்துக்கொண்டு போய் 1979-இல் ஆக்டிவிஷன் தொடங்கினார்கள். வாரன் ராபினெட் என்ற இன்னொருவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் ஆட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஓர் அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். மன்னன் பெயர் மட்டுமே பொறித்த கோயிலின் ஒரு மூலையில் சிற்பி தன் பெயரைக் கீறி வைத்த கதைதான்.

1982-இல் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படம் சக்கைப்போடு போட்டது. கிறிஸ்துமஸுக்குள் அதை ஆட்டமாக்கு என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவரிடம் சொன்னார்கள். கொடுத்த அவகாசம் ஐந்து வாரம். ஐந்து வாரத்தில் எழுதிய ஆட்டம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கதாநாயகன் பள்ளத்தில் விழுவான். ஏறுவான். மறுபடி விழுவான். பணம் கொடுத்து வாங்கிய குழந்தைகள் அழுதன. வாங்கிக் கொடுத்த அப்பாக்கள் அதைவிட அழுதார்கள். அந்த ஆட்டம் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. கண்டவனெல்லாம் கேசட் அடித்துக் கடைகளை நிரப்பியிருந்தான். 1983-இல் சந்தையே படுத்துவிட்டது. விற்காத கேசட்டுகளை லாரியில் ஏற்றி, நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமொகோர்டோ குப்பை மேட்டில் கொட்டி, மேலே கான்கிரீட்டும் ஊற்றினார்கள். 2014-இல் அதே மேட்டைத் தோண்டி சுமார் 1,300 கேசட்டுகளை எடுத்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டைத் தோண்டத் தொல்லியல் துறைக்கு ஏறக்குறைய எழுநூறு வருஷம் பொறுக்க வேண்டியிருந்தது. அடாரிக்கு 31 வருஷமே போதுமானதாக இருந்தது.

சீட்டுக் கட்டிலிருந்து வந்த தாத்தா

நின்டெண்டோவின் வயதைக் கேட்டால் வியப்பீர்கள். 1889-இல் கியோட்டோவில் ஹனாஃபுடா என்ற சீட்டுக் கட்டு விற்கத் தொடங்கிய கம்பெனி. கொள்ளுப்பேரன் காலத்தில் டாக்ஸி ஓட்டிப் பார்த்தார்கள், உடனடிச் சோறு விற்றுப் பார்த்தார்கள். எதுவும் ஓடவில்லை. கடைசியில் 1983 ஜூலை 15-ஆம் தேதி ஃபாமிகாம் பெட்டியை இறக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் சேகா என்ற இன்னொரு கம்பெனி தன் முதல் பெட்டியை இறக்கியதும் அதே ஜூலை 15. ஜாதகம் பார்க்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்: ஒரே நாள், ஒரே நாடு, ஒருவன் சக்கரவர்த்தி, இன்னொருவன் கடைசி வரை பங்காளி.

அமெரிக்காவில் ‘வீடியோ கேம்’ என்றாலே கடைக்காரன் கதவைச் சாத்திய காலம் அது. நின்டெண்டோ 1985-இல் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் ரோபோவைச் சேர்த்து, இது வெறும் பொம்மைதான் என்று சொல்லி உள்ளே நுழைந்தது. ரோபோவால் உருப்படியாக ஒரு வேலையும் ஆகவில்லை. கடைக்குள் நுழைய வைத்ததே அது செய்த ஒரே வேலை. பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப்பையும் வைத்தார்கள். நின்டெண்டோவின் அனுமதி இல்லாத கேசட் ஓடாது. அடாரி செத்தது கண்டவன் கேசட்டால். நான் சாக மாட்டேன் என்பது தாத்தாவின் கணக்கு. இந்தப் பூட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டே இல்லாத வாசல் வழியாக உலகமெல்லாம் போன கதை பின்னால் வருகிறது.

சேகாவின் பூர்வீகம் ஹவாய். அமெரிக்கச் சிப்பாய்கள் காசைத் தொலைக்கும் சூதாட்ட எந்திரங்கள் செய்து கொடுத்தவர்கள். அந்த ரத்தம் எங்கே போகும்? 1991-இல் சோனிக் என்ற நீல முள்ளெலியை இறக்கி, நின்டெண்டோவின் மரியோ கிழவன், எங்கள் பிள்ளை ஓடுகிறான் பாருங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் தாத்தாவின் கோட்டை ஆட்டம் கண்டது. 1993 டிசம்பரில் வன்முறை ஆட்டங்கள் பற்றி அமெரிக்க செனட் விசாரணை வைத்தது. அங்கே போயும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் போட்டுக்கொடுத்தார்கள். சேகா பெட்டியில் ஓடிய ‘நைட் ட்ராப்’ என்ற ஆட்டம் எங்கள் பெட்டிக்கு ஒருநாளும் வராது என்று நின்டெண்டோவின் ஹோவர்ட் லிங்கன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். 2018-இல் அதே நைட் ட்ராப் நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வந்தது. அரசியல்வாதிகள் சபையில் பேசுவதை மட்டும்தான் நாம் சேர்த்து வைக்கிறோம். கம்பெனிக்காரர்கள் பேசுவதையும் சேர்த்து வைக்க வேண்டும்.

நின்றுபோன கல்யாணம்

இனி நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரிகிற கட்டம். நின்டெண்டோவும் சோனியும் சம்பந்தம் பேசினார்கள். நின்டெண்டோ பெட்டிக்கு சிடி ஓட்டும் கருவியை சோனி செய்து தருவதாக ஏற்பாடு. 1991 ஜூன் மாதம், சிகாகோ மின்னணுக் கண்காட்சியில் சோனி மேடை ஏறி ‘பிளே ஸ்டேஷன்’ என்று பெயரைச் சொல்லி ஊரறிய நிச்சயத் தாம்பூலம் மாற்றியது. மறுநாள் காலை அதே ஊரில் நின்டெண்டோ எழுந்து, எங்களுக்கும் பிலிப்ஸ் கம்பெனிக்கும் சம்பந்தம் முடிந்தது என்று அறிவித்தது. ஒப்பந்தத்தில் சிடி வருமானத்தின் பிடி சோனி கையில் இருந்ததைத் தாமதமாகப் படித்துப் பார்த்திருந்தார்கள். பந்தலில் நின்ற சோனிக்கு எப்படி இருந்திருக்கும்! பிலிப்ஸுக்குச் சீதனமாக மரியோவையும் செல்டாவையும் வைத்து ஆட்டம் செய்யும் உரிமை கிடைத்தது. அவர்கள் செய்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் இன்னும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கென் குதராகி என்ற சோனி பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. 1994 டிசம்பர் 3-ஆம் தேதி பிளேஸ்டேஷனைச் சொந்தமாகவே இறக்கினார். மறு வருஷம் மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் கண்காட்சி. சேகா மேடையேறி, எங்கள் சாட்டர்ன் பெட்டி 399 டாலர், இன்று முதலே கடையில் கிடைக்கும் என்று மார் தட்டியது. சோனியின் ஸ்டீவ் ரேஸ் மைக் முன்னால் வந்தார். “299” என்றார். இறங்கிப் போய்விட்டார். தமிழ்நாட்டு மேடைப் பேச்சாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய சொற்பொழிவு அது. சேகாவுக்கு அன்றைக்குப் பிடித்த சனி விடவே இல்லை. பெட்டிக்கே சனிக் கிரகத்தின் பெயரை வைத்தவர்களை வேறு யார் காப்பாற்றுவது?

2001 ஜனவரியில் சேகா தன் கடைசிப் பெட்டியான ட்ரீம்காஸ்ட்டை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒக்காவா தன் சொந்தப் பங்குகளை, ஏறக்குறைய 69 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, கம்பெனிக்கே கொடுத்துவிட்டு மார்ச்சில் கண் மூடினார். இந்தச் சரித்திரத்தில் கேலி செய்ய மனம் வராத ஒரே மனுஷன் அவர்தான். அதே வருஷக் கடைசியில் சோனிக் முள்ளெலி, பரம எதிரி நின்டெண்டோவின் பெட்டியில் ஓடியது. மானம் போனதாக அப்போது பேசினார்கள். ஆனால் கடையை மூடிய பிறகும் சேகா உயிரோடு இருப்பது அந்த மானத்தை விட்டதால்தான்.

பிறகு பில் கேட்ஸ் வந்தார். 2001-இல் எக்ஸ்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால், பேசாமல் நின்டெண்டோவையே வாங்கிவிடலாமா என்று மைக்ரோசாஃப்ட் ஆள் அனுப்பிக் கேட்டது. தாத்தா வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். போய்வந்தவரே பின்னாளில் சொன்னது. 2013-இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய டிஸ்க்கை இன்னொருவனுக்குக் கொடுப்பதற்கு ஆயிரம் நிபந்தனை போட்டது. சோனி உடனே ஒரு குட்டிப் படம் வெளியிட்டது: டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். படம் முடிந்தது. இன்றைக்கு எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களே பிளேஸ்டேஷனில் ஓடுகின்றன. சேகா போன அதே தெரு.

நம்ம ஊர்ப் படையெடுப்பு

சரி, இத்தனை சக்கரவர்த்திகளில் யார் இந்தப் பக்கம் படையெடுத்தது?

நின்டெண்டோ ‘சாமுராய்’ என்ற பெயரில் இந்தியாவில் தலை காட்டியது. பெருநகரங்களைத் தாண்டுவதற்குள் வாள் மழுங்கிவிட்டது. சேகா 1995-இல் வந்தது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். அதைத் தாண்ட உள்ளூர்க் கூட்டாளி வேண்டும். யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? ஷா வாலஸ். ஆமாம், விஸ்கியும் பீரும் விற்ற அதே ஷா வாலஸ்தான். பிள்ளைகள் விளையாட்டுப் பெட்டியை விற்க இந்தியாவில் கிடைத்த கூட்டாளி சாராய வியாபாரி. பெட்டியின் விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்தில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கலர் டிவியே வாங்கிவிடலாம். மீன்சுருட்டியில் அந்தத் தொகையைக் கையில் வைத்திருந்தவர் அதை மாட்டுக்கோ மனைக்கோ போட்டிருப்பார், முள்ளெலிக்குப் போட்டிருக்க மாட்டார்.

2007-இல் பிளேஸ்டேஷன் 3 இங்கே 39,990 ரூபாய்க்கு வந்தது. அப்புறம் சோனிக்கு ஞானம் வந்து, பழைய பிளேஸ்டேஷன் 2-க்கு இந்திய ஆட்டங்களை இறக்கியது. 2009-இல் ‘தேசி அட்டா’ என்று ஒன்று. உள்ளே கபடி, கிட்டிப்புள், பட்டம். வாசலில் ஒரு குச்சியை ஒடித்தால் ஓசியில் ஆடுகிற ஆட்டத்தை டிஸ்க்கில் அடைத்து விலைக்கு விற்றால் எவன் வாங்குவான்? அதே வருஷம் ‘ஹனுமான்’ ஆட்டமும் வந்தது. கடவுளை ஜாய்ஸ்டிக்கால் ஆட்டிவைக்கலாமா என்று அமெரிக்காவிலிருந்து கண்டனக் குரல் எழுந்தது. பக்தர்களுக்கு அது அபசாரம். ஆடிப் பார்த்தவர்களுக்கோ அது வேறு விதமான அபசாரம்.

மகாராஜாக்கள் யாரும் வந்து சேராத ஊர்களை ஒரு பெயரில்லாத படை பிடித்தது. தைவானிலும் சீனத்திலும் பூட்டே இல்லாத ஜப்பானிய ஃபாமிகாமைப் படியெடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒற்றைச் சிப்பில் அடக்கி, மேலே கறுப்புத் தாரைச் சொட்டவிட்டு அனுப்பிய பெட்டி. இந்தியாவில் ‘லிட்டில் மாஸ்டர்’, ‘டெர்மினேட்டர்’ என்று பெயர் மாறும். ரஷ்யாவில் அதுவே ‘டெண்டி’. கடைவீதிகளிலும் திருவிழாக் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது அதுதான். மஞ்சள் கேசட்டின் மேல் ‘9999999 ஆட்டங்கள்’ என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே உண்மையில் ஏழெட்டு இருக்கும். மிச்சமெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில். கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து வாயால் ஊத வேண்டும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்த வைத்தியம் அது.

அந்தப் பெட்டியில் ஓடிய ‘காண்ட்ரா’ என்ற சுடும் ஆட்டத்தில் மூன்று உயிர். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது. கொனாமி கம்பெனியின் ஹஷிமோட்டோ என்பவர், தான் செய்த வேறோர் ஆட்டத்தைத் தானே ஆடி முடிக்க முடியாமல் கண்டுபிடித்த மந்திரம். மீன்சுருட்டி இருக்கிற அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் போன உயிர் திரும்பக் கிடைப்பது புதிதல்ல. 2001-இல் பிறந்த அரியலூர் மாவட்டத்தை 2002-இல் பெரம்பலூரோடு சேர்த்துக் கலைத்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். எந்தப் பொத்தானை யார் அழுத்தினார்கள் என்பதை அரசியல்வாதிகளைத்தான் கேட்க வேண்டும்.

கேம் பெட்டி வேலை செய்ய டிவி வேண்டுமே? 2006 செப்டம்பர் 15 முதல் தி.மு.க. அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. சோனியும் நின்டெண்டோவும் கனவில்கூட நினைக்காத அளவு வீடுகளில் திரை தயார். 2011 செப்டம்பர் 15 முதல் அ.தி.மு.க. அரசு இலவச லேப்டாப் கொடுத்தது. பாடம் படிக்கக் கொடுத்த லேப்டாப்பில் ‘வைஸ் சிட்டி’ என்ற ஆட்டம் ஓடியது. இரண்டும் அண்ணா பிறந்த நாளில்! பெட்டி விற்கிற மகாராஜாக்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தபோது, நம் ஊரில் அவர்களுடைய நிஜப் போட்டியாளர்கள் இரண்டு கழகங்களும்தான். நடுவே வந்த மின்வெட்டு மூன்றாவது போட்டியாளர். சேமித்து வைக்க வழியில்லாத காண்ட்ராவில் கடைசிக் கட்டம் வரை போனவனை எந்த எதிரியும் கொல்லவில்லை. மின்சார வாரியம் கொன்றது.

வென்றவன் யார்?

இப்போது கதையின் வில்லன். அல்லது நாயகன். சீனாவில் அந்தத் திருட்டுப் பெட்டி வகையறாவில் பேர் போனது ‘சுபோர்’; அதன் சீனப் பெயருக்குக் ‘குட்டிக் கொடுங்கோலன்’ என்று பொருள். கீபோர்டு ஒன்றை ஒட்டி, இது பிள்ளைகள் படிக்கிற கம்ப்யூட்டர் என்று பெற்றோர்களிடம் விற்றார்கள். ஜாக்கி சான் விளம்பரத்தில் நடித்தார். அதை வளர்த்தவர் துவான் யோங்பிங். 1995-இல் அங்கிருந்து விலகி பிபிகே என்ற கம்பெனியைத் தொடங்கினார். அந்த பிபிகே வம்சத்தில் பிறந்தவைதான் ஓப்போவும் விவோவும்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். 2016-இல் ஜியோ டேட்டாவைக் கொட்டியது. பப்ஜி வந்தது. 2020 செப்டம்பரில் அரசு தடை போட்டது. மறு வருஷமே வேறு பெயரில் திரும்பி வந்தது. அத்தனையும் ஓடியது கைப்பேசியில். அந்தக் கைப்பேசிகளில் பலவற்றுக்கு மூதாதை, ஊதி ஊதிப் போட்ட மஞ்சள் கேசட்டின் பெரியப்பா வீட்டுக்காரர். நின்டெண்டோவின் பெட்டியைப் படியெடுத்த கூட்டம், கடைசியில் நின்டெண்டோ வந்து சேராத ஒவ்வொரு சட்டைப்பைக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

மகாராஜாக்கள் கணக்கில் எது வல்லமை? எத்தனை பிட், எத்தனை வண்ணம், எத்தனை டெராஃப்ளாப். சந்தையின் கணக்கோ வேறு. வலுவான பெட்டி வென்றதாக இந்தச் சரித்திரத்தில் ஆதாரம் குறைவு. 2006-இல் மூன்று பேரில் வலுக்குறைந்த பெட்டி நின்டெண்டோவின் வீ. பாட்டிகளும் எழுந்து நின்று கையை வீசி ஆடினார்கள், பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதே நின்டெண்டோ அடுத்துச் செய்த வீ யூவை வாங்க ஆளில்லை. அதற்கடுத்த ஸ்விட்ச்சை ஆட்டோவில் போகிறவனும் ஆட முடிந்தது. மறுபடி கூட்டம் அலைமோதியது. எதிரே உட்கார்ந்து ஆடப்போகிறவன் யார், அவன் கையில் காசு எவ்வளவு, வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டவன் பிழைத்தான். எதிரியின் பெட்டிக்குள் எத்தனை பிட் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவன் அலமொகோர்டோவுக்குப் போனான்.

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது விலை 49,990 ரூபாய். உங்கள் வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டு அடம்பிடித்தால் வாங்கிக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் சௌகரியம். ‘படிக்கிறதுக்குத்தான்பா’ என்று சொல்லிக் கேட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பொய்யைச் சொல்லியே ஒருவர் சாம்ராஜ்யம் கட்டியிருக்கிறார்.